அம்மாவிடம் சொல்லாத சேதி

என் அம்மாவிடம் சொல்ல வேண்டிய ஒரு சேதியை, அவள் சாகும்வரை நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. வேண்டுமென்றே!

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தி பீடி சுற்றப் போனவள் நான். எனக்கு எழுத வராது. ஆனாலும் நீங்கள் இதைப் படித்தே ஆகவேண்டும்.

எனக்கு ஒரே அண்ணன். பெயர் சுடலைமுத்து. டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற வேலை. அவன் மடித்து அடுக்கினால் விளிம்பு ஒரு நூல் விலகாது. வேலை இல்லாத நேரத்தில் உட்கார்ந்தபடியே முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருப்பான். யார் கண்ணையும் பார்க்க மாட்டான். பொய் என்பது அவனுக்கு வரவே வராது.

அங்கேதான் வந்தது வினை. கல்யாணச் சேலை எடுக்க வந்த ஒரு அம்மாள், மேலே போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, எனக்கு எடுப்பா இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். "இல்ல" என்றிருக்கிறான் அண்ணன். கடை முதலாளி அண்ணாச்சிக்குச் சிரிப்பும் வந்தது, வியாபாரமும் போனது. என்னைக் கூப்பிட்டு விட்டார்.

"ஏட்டி, இவன் தங்கமான பய. ஆனா மனுஷங்கட்ட பேசத் தெரியலயே! பாளையங்கோட்டையில வெளியூர்ல படிச்ச, மனசு வைத்தியம் பாக்குற டாக்டரம்மா ஒண்ணு வந்திருக்கு. ஒரு எட்டு காட்டிட்டு வா."

மாட்டேன் என்றால் அண்ணன் வேலை போய்விடும்; போகவோ எனக்குப் பயம். ஏன் தெரியுமா? ராதாபுரம் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அண்ணனுக்கு ஏதோ குறை என்று டாக்டர் வாயிலிருந்து வந்துவிட்டால் என் கதி என்ன? அதனால் அம்மாவை நாற்று நட அனுப்பிவிட்டு நானே கூட்டிப்போனேன். பஸ்ஸில் வழி முழுக்க அவனுக்குப் பாடம் நடத்தினேன்.

"அண்ணே, டாக்டரம்மா கண்ணப் பாத்துப் பேசு. ஆடாத. வரும்போது 'போறேன்'னு மொட்டையாச் சொல்லாத, 'போயிட்டு வாரேன்'னு சொல்லு."

தலையாட்டினான். அப்பாவி!

உள்ளே போய் உட்கார்ந்ததும் டாக்டரம்மாவின் கண்ணையே இமைக்காமல் பார்த்தான். அந்த அம்மா நெளிந்துவிட்டார்.

"ஏன் இப்படிப் பாக்குறீங்க?"

"இசக்கி பாக்கச் சொன்னா."

இசக்கி நான்தான்!

"சின்ன வயசுல எப்படி இருந்தார்னு அம்மாதான் சொல்லணும். அம்மா வரலையா?"

"அம்மாவுக்கு மேலுக்கு முடியல" என்றேன் நான்.

"அம்மா நல்லாத்தான் இருக்கா. வயல்ல நிக்கா" என்றான் அண்ணன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபப்படவில்லை. அவனோடு வெகுநேரம் பேசினார். எந்தச் சத்தம் பிடிக்காது, எந்தச் சட்டை உறுத்தும், கூட்டத்தில் நின்றால் என்ன செய்யும் என்றெல்லாம் கேட்டார். இருபத்தெட்டு வயதுவரை ஒருவரும் அவனிடம் கேட்காத கேள்விகள்... அவனும் ஒன்றுவிடாமல் சொன்னான். கூடப் பிறந்த எனக்கே அதில் பாதி தெரியாது!

கடைசியில், "அம்மாவோட இன்னொரு தடவை வாங்க" என்றார். இனி இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று நான் நினைத்துக்கொண்டேன். அண்ணன் எழுந்து, சொல்லிக்கொடுத்தபடியே "போயிட்டு வாரேன்" என்றான்.

மறுநாள் கடைக்குப் போகாமல் நேராகப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டான்!

விஷயம் தெரிந்து பீடித்தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். டாக்டரம்மா எதிரே உட்கார்ந்து நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தான்.

"ஏன் அண்ணே இங்க வந்த?"

"போயிட்டு வாரேன்னு சொன்னேன்லா? வந்துட்டேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகுதான் நிதானமாகச் சொன்னார். அம்மாவிடமும் பேசினால்தான் முழுசாகும், ஆனால் தனக்குச் சந்தேகமில்லை, இதற்கு ஆட்டிசம் என்று பெயர், இது நோய் இல்லை, அவர் மனசு வேலை செய்கிற விதமே இப்படித்தான் என்றார்.

"ஆடுததுனால ஆட்டிசமா?" என்று கேட்டேன். இல்லையாம்!

அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டுமே... "அப்போ நான் கிறுக்கன் இல்லையா?" என்றான். "இல்லவே இல்ல" என்றார் அவர். சந்தோஷத்தில் இன்னும் வேகமாக ஆடினான்.

நான் பைய ஒன்று கேட்டேன். "கைப்பிள்ளையா இருக்கும்போது தொட்டில்ல இருந்து விழுந்துட்டான். அதுனாலயா?"

"தொட்டில்ல இருந்து விழாத பிள்ளை உண்டாம்மா? இது பொறப்புலயே வர்றது. யார் மேலயும் தப்பில்ல. முதல்ல உங்க அம்மாகிட்ட இதைச் சொல்லுங்க."

இதுதான் அந்தச் சேதி.

வயல்வரப்பில் மரத்தில் தொட்டில் கட்டி அவனைப் போட்டுவிட்டு அம்மா நடுகைக்கு இறங்கியபோது அவன் விழுந்திருக்கிறான். "அன்னைக்கு மட்டும் நான் வேலைக்குப் போகாம இருந்திருந்தா..." என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. டாக்டரம்மா சொன்ன அந்த ஒற்றை வரியை அவளிடம் சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். நான் அண்ணனிடம், "நான் சொல்லுதவரைக்கும் அம்மாட்ட வாயத் திறக்காத" என்றேன். அம்மாவுக்குத் தெரிந்தால் சந்தோஷத்தில் ஊருக்கே சொல்லிவிடுவாளே, என் கல்யாணம்...?

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "பொண்ணு நல்லா சமைப்பாளா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்க, "குழம்புல உப்பு கூடும்" என்றான் அண்ணன். நான் செத்தேன்! ஆனால் மாப்பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எனக்கு இப்படி ஒரு மச்சினன்தான் வேணும்" என்றார். கல்யாணமும் நடந்தது. இன்றும் அவரும் அண்ணனும் திருச்செந்தூருக்குச் சேர்ந்துதான் போவார்கள்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? கேளுங்கள்... நானும் கேட்டுக்கொள்கிறேன். பொங்கல் கழியட்டும் என்றேன். பிள்ளை பிறக்கட்டும் என்றேன். "இவ்வளவு நாள் ஏன் மறைச்ச?" என்று அம்மா கேட்டுவிடுவாளே என்பது புதுப் பயமாகச் சேர்ந்துகொண்டது.

போன ஆனியில் அம்மாவுக்கு மஞ்சள்காமாலை முற்றிவிட்டது. கட்டிலில் கிடந்தபடி அண்ணனைக் கூப்பிட்டாள்.

"எய்யா... உன்ன நான் கீழ போட்டுட்டேன்லா. இந்தப் பாவிய மன்னிச்சிருய்யா."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "இசக்கி, சொல்லட்டா?"

கட்டிலோரம் என் மாமியார் உட்கார்ந்திருந்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். ஆமாம்... அந்த நேரத்திலும்!

அவன் அம்மாவின் கையைத் தொட்டான். யாரையும் தொடாதவன். "எனக்கு வலிக்கலம்மா" என்றான். அவனுக்குத் தெரிந்த, சொல்ல அனுமதி இருந்த உண்மை அது ஒன்றுதான். அம்மா அழுதுகொண்டே போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வாயில் கைவைத்தார். "அடப் பாவி! எங்கிட்ட என்ன பயம்? அவ காதுல ஒரு வார்த்த போட்டிருந்தா சிரிச்சிக்கிட்டே போயிருப்பாளேட்டி!"

அண்ணனுக்கு என்மேல் கோபம் இல்லை. பழையபடி சேலை மடிக்கிறான், குழம்பில் உப்பு கூடினால் சொல்கிறான், நானும் சிரிக்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் அவன் விடுவதாக இல்லை.

"ஏன் வேண்டாம்னு தலையாட்டுன?"

"பயமா இருந்துச்சு அண்ணே."

"யாரப் பாத்து?"

பதில் வரும்வரை காத்திருப்பான். வேறு பேச்சுக்குப் போக அவனுக்குத் தெரியாது... நானோ குழம்பில் உப்பு பார்க்க அடுப்படிக்குப் போய்விடுவேன்.