இரண்டாவது கையெழுத்து

ரப்பர் ஷீட் புகையில் காயும்போது வரும் அந்தப் புளித்த வாடை... குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் டிவி இருந்த அறை முழுக்க அந்த வாடைதான்.

2008. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத வருடம். நான் ஒரு பிரைவேட் ஸ்கூலில் டீச்சராகச் சேர்ந்த புதிது. சாயங்காலம் வந்து நியூஸ் போட்டால் அமெரிக்கத் தேர்தல். ஒரு கட்சி துணை ஜனாதிபதி பதவிக்கு ஒரு பெண்ணை நிறுத்தியிருந்தது. மேடையில் சிரித்தபடி கை காட்டினார்.

நான் சந்தோஷத்தில் கை தட்டினேன். அம்மா அசையவில்லை.

"இத்தன ஆம்பிளைய இருக்கும்போ இவள எதுக்கு ஏட்டி தேடிப் பிடிச்சாவ? என்னமோ இருக்கு."

அமெரிக்கா கிழக்கா மேற்கா என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் துணைப் பதவி என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். அவரே எங்கள் பஞ்சாயத்தின் வைஸ் பிரசிடென்ட். ஊருக்கு 'வைஸ் அக்கா'.

கதை இதுதான். 2006இல் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனது. ஸ்டெல்லா அக்கா ஜெயித்தார். ஜெயித்தது அக்கா... நாற்காலியில் உட்கார்ந்தது அவர் வீட்டுக்காரர். ஊரே அவரைத்தான் 'தலைவரே' என்று கூப்பிட்டது. மகளிர் குழுவில் நாலு பேரோடு பேசிப் பழகிய தைரியத்தில் அம்மாவும் வார்டு மெம்பராக நின்று ஜெயித்திருந்தார். வைஸ் பதவிக்கு யார் என்றபோது, அந்த வீட்டுக்காரரே மெம்பர்களிடம் சொல்லி அம்மாவைப் போட்டியில்லாமல் ஆக்கினார். எங்கள் வீட்டில் அன்றைக்குப் பாயசம்.

பாயசம் ஆறுவதற்குள் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பஞ்சாயத்து செக் பாஸாக வேண்டுமென்றால் தலைவரும் வைஸும் இரண்டு பேருமே கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒண்ணும் கேக்காம, மிண்டாம ஒப்பு போடுவேன்னு நெனச்சாக்கும் என்னைய ஆக்கினது."

அப்படித்தான் நடந்தது. செக் வீடு தேடி வரும். ஆபீஸ் ஆள் ஒருவர் சைக்கிளில் கொண்டுவருவார். ஸ்டெல்லா அக்காவின் கையெழுத்து முன்னாலேயே விழுந்திருக்கும். அம்மா கீழே போட்டுக் கொடுப்பார். கொடுத்துவிட்டு அன்று முழுக்க பாத்திரங்களை உருட்டுவார்.

அந்த டிவி நியூஸுக்குப் பிறகு ஒருநாள், குளத்தங்கரை ரோட்டுக்கான செக் வந்தது. அம்மா பேனாவைத் தொடவில்லை.

"இது ஸ்டெல்லா போட்டதா, அவரு போட்டதா? அவ எனக்க கண்ணு முன்ன போடட்டு. நான் போடுதேன்."

சைக்கிள் திரும்பிப் போனது. ரோடு வேலை நின்றது.

சந்தேகம் எப்படித் திரும்பி அடிக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். வைஸ் அக்காவுக்குக் கமிஷன் பத்தவில்லையாம்... தலைவர் சீட் மேலே கண்ணாம்... மாதா கோயில் வாசலில் அம்மாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அம்மாவை இறக்கப்போவதாக ஒரு மெம்பர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா பயந்துபோனார். "நமக்கு எதுக்கு இந்தப் பொல்லாப்பு? போட்டுக் குடுத்திரு." பதவி போனால் போகட்டும், கள்ளி என்ற பெயரோடு போகக்கூடாது என்பதுதான் அம்மாவின் கவலை. எனக்கு அழுகையாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு, ரப்பர் தோட்டத்து வழியாக ஸ்டெல்லா அக்கா தனியாக வந்தார். நேரே அடுக்களைக்கு.

"அக்கா, எனக்க எடம் வேணும்னா நேரா சொல்லுங்க."

"ஆரு சொன்னா உனக்கு?"

"வீட்டுக்காரருதான். நான் எப்ப விழுவேன்னு நோக்கி இருக்கதாக்கும் வைஸுக்கு வேல, அவளுக்கிட்ட பேச்சு வச்சுக்கிடாதன்னு..."

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினார்.

"எனக்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? தலைவி உங்கள மதிக்க மாட்டா, ஆபீஸுக்கு வராண்டாம், செக்கு வீட்டுக்கு வரும்னு. மனசிலாச்சா?"

இரண்டு வருடமாக ஒரே பஞ்சாயத்து. இரண்டு பேரும் தனியாகப் பேசியது அன்றுதான். செக்கில் இருந்த கையெழுத்தைப் பற்றி அம்மா கேட்டார். "செல நேரம் நான் போடுவேன்... செல நேரம்..." ஸ்டெல்லா அக்கா முடிக்கவில்லை. நான் சாயா கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் இரண்டு பேரும் ஆபீஸுக்குப் போனார்கள். ஸ்டெல்லா அக்கா தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து போட்டார், அதைப் பார்த்து அம்மா போட்டார். வீட்டுக்காரர் வராண்டாவில் பைக் சாவியைச் சுற்றிக்கொண்டு நின்றாராம். ரோடு வந்தது. தீர்மானம் வரவில்லை. அதற்குப் பிறகு ஸ்டெல்லா அக்கா ஆபீஸுக்கு வருவதை நிறுத்தவே இல்லை.

அடுத்த தேர்தலில் வீட்டுக்காரர் தன் தம்பி மனைவியை நிறுத்தினார். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது 2017. போன வருடம் அமெரிக்காவில் ஒரு பெண் ஜனாதிபதி பதவிக்கே நின்று தோற்றார். ஸ்டாஃப் ரூமில் அவரைப் பற்றிப் பேசியதைவிட அவர் கணவரைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். இங்கே தேர்தலே தள்ளிப்போய், பஞ்சாயத்தில் தலைவரும் இல்லை, வைஸும் இல்லை, எல்லாம் அதிகாரிகள்தான்.

போன மாதம் கருங்கல் சந்தையில் ஸ்டெல்லா அக்காவைப் பார்த்தோம். முடி நரைத்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, எலெக்‌ஷன் வருமாம். நாம ரெண்டு பேரும் நிப்பமா?"

அம்மாவின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது.

"உனக்க வீட்டுக்காரரு சொல்லி விட்டாரா?"

ஸ்டெல்லா அக்கா கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். மீன் வாங்கணும் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

வீடு வந்து சேர்ந்ததும் அம்மா சொன்னார்: "நான் அப்பிடிக் கேட்டிருக்காண்டாம், மக்கா."

ஸ்டெல்லா அக்கா தானாக வந்து கேட்டாரா, வீட்டுக்காரர் அனுப்பித்தான் வந்தாரா... தெரியாது. ஆனால் எத்தனையோ ஆண்கள் ஓட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். "உனக்க பெண்டாட்டி சொல்லி விட்டாளா?" என்று ஒருவரிடமும் நாங்கள் கேட்டதில்லை.