தம்பி அழுத புகைப்படம்

மஸ்கட்டிலிருந்து அப்பா கொடுத்தனுப்பிய கேமரா, ஒவ்வொரு படத்தின் வலது மூலையிலும் நாளையும் மணியையும் ஆரஞ்சு நிறத்தில் பதித்துவிடும். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையை இன்றும் கிட்டத்தட்ட நிமிஷக் கணக்கில் சொல்ல முடிவது அதனால்தான்.

ஒரே ரோல், முப்பத்தாறு படங்கள். பள்ளி அடைத்த நாள் முதல் திறக்கும் நாள் வரை அதற்குள் அடங்க வேண்டும். ரோல் முடிந்ததும் கழுவி அப்பாவுக்கு அனுப்புவோம். படம் எடுப்பது அம்மா. எண், நாள், இடம் என்று கோடு போட்ட நோட்டில் எழுதி வைப்பது நான். இந்தப் பதவிக்கு என்னை யாரும் நியமிக்கவில்லை.

மற்ற வீடுகளிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் போட்டோக்களில் எல்லோரும் புதுத்துணி உடுத்திச் சிரித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அம்மா எங்களை நிற்கவே வைக்க மாட்டாள். தம்பி புட்டில் பழம் பிசைவது, நான் எண்ணெய்க் குளியலுக்கு மறுத்து முறைப்பது, விழிஞ்ஞம் கடற்கரையில் கரையேற்றிய படகின் நிழலில் இருவரும் ஒரு மிட்டாய்க்குச் சண்டை போடுவது, இவைதான் அவளுக்குப் படங்கள்.

“இதெல்லாம் போட்டோவாட்டி? பிள்ளைகளுக்குத் தல சீவி நிப்பாட்டி எடுக்கப்பிடாதா?” என்று பெரியம்மா கேட்டாள்.

“சீவுன தல பத்து நிமிசம் இருக்கும். மிச்ச நேரத்த அவருக்கு ஆரு காட்டுவா?” என்றாள் அம்மா.

விஷு கழிந்த இரண்டாவது வியாழக்கிழமை, கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் மேட்னி பார்த்தோம். கடலில் காணாமல் போன அப்பாவுக்காகக் காத்திருக்கும் குழந்தைகளின் கதை. புயலில் படகு கவிழ்ந்தபோது நான் அழுதேன். அரங்கில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள். தம்பி மட்டும் அசையாமல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். கடைசிக் காட்சியில் அந்த அப்பா தாடியும் மீசையுமாகத் திரும்பி வந்தார். மகன் கரையோரம் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டான். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் தம்பி பெருங்குரலெடுத்து அழத் தொடங்கினான். அழ வேண்டிய இடம் தெரியாதவனோடு சினிமாவுக்கு வந்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

வெளியே வந்தும் அழுகை நிற்கவில்லை. அம்மா அவனைத் தியேட்டர் படியில் உட்கார வைத்தாள்.

“எதுக்கு மக்களே அழுகே? அப்பா வந்தாச்சுல்லா?”

“அந்தப் பையனுக்கு அப்பாவ மனசிலாச்சு. நம்ம அப்பா வரும்போ எனக்கு மனசிலாகாட்டா?”

அடையாளம் தெரியாவிட்டால் என்பதை, யுகேஜி வகுப்பு கற்றுத்தந்த மலையாளத்தில் கேட்டான். அப்பா கடைசியாக வந்து போனபோது அவனுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை.

அம்மா இரண்டு படி கீழே இறங்கி, பையிலிருந்து கேமராவை எடுத்தாள்.

“இத எடுக்காதேம்மா. அவனுக்கு மூக்கெல்லாம் ஒழுகுது.”

“நீ நம்பர எழுது.”

பதினேழு. எழுதிவிட்டுக் கேமராவின் முதுகிலிருந்த சின்னத் திரையை முதல்முறையாகக் கவனித்தேன். மணி நாலு இரண்டு. தியேட்டர் கடிகாரத்தில் ஐந்து முப்பத்திரண்டு.

மறுநாள் காலை வானொலிச் செய்தி தொடங்கும் நேரத்துக்குச் சரியாகக் கேமராவின் மணியைத் திருத்தினேன். அதன்பின் நான்கு படங்கள் எடுத்துவிட்டுத்தான் அம்மா அதைக் கண்டாள்.

“ஆரு மாத்துனா?”

“ஒன்றரை மணி நேரம் தப்பா ஓடிச்சு. நான் சரியாக்கிட்டேன்” என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

அம்மா திட்டவில்லை. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, அதன் முனையால் அந்தச் சிறு பொத்தானை அழுத்தி அழுத்தி மணியைப் பழையபடி பின்னுக்குக் கொண்டுபோனாள்.

“தப்பில்ல, கேட்டியா. இது அப்பாக்க மணி. போட்டோவப் பாக்கும்போ, அந்நேரம் மஸ்கட்டுல அவரு எங்க நின்னாருன்னு ஓர்த்துப் பாப்பாரு.”

எங்கள் வீடு இருக்கும் கரமனையில் நடப்பதற்குக் கரமனை மணிதானே சரி என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் வாதாடவில்லை. படங்கள் கழுவி வந்ததும் அம்மா அந்த நான்கின் பின்னால் மட்டும் மஸ்கட் மணியைப் பென்சிலால் எழுதினாள். பதினேழின் பின்னாலும் இரண்டு வரி எழுதினாள். அதைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை.

ஒரு மாதம் கழித்து அப்பாவின் கடிதம் வந்தது. நீளமான கடிதம், வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். ‘மூன்று: நீங்கள் விழிஞ்ஞத்தில் சண்டை போடுகிறீர்கள். நான் அப்போது வேலைக்குப் போகும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒன்பது: தம்பி புட்டு பிசைகிறான். நான் சட்டை துவைக்கிறேன்.’ எனக்கு இப்படி ஒழுங்காக எழுதப்பட்ட எதையும் சரிபார்க்காமல் விட முடியாது. எண்ணிப் பார்த்தேன். முப்பத்தைந்துதான் இருந்தது. பதினாறுக்குப் பிறகு பதினெட்டு.

“அம்மா, பதினேழு விட்டுப்போச்சு.”

அம்மா கடிதத்தை வாங்கி மடித்தாள். “விட்டுப்போகல்ல” என்று மட்டும் சொன்னாள்.

அவளும் எண்ணவில்லை என்று முடிவு செய்து, விடுபட்டதைச் சுட்டிக்காட்டி நானே அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. லீவுக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி இருக்க, ஓணத்துக்கு முன்பே அப்பா வந்துவிட்டார்.

விமான நிலையத்தில் தம்பி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். கண்ணாடி போட்ட, காதோரம் நரைத்த ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதை எட்டிப் பார்த்தான். அவர் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்பா அவனைத் தூக்க வரவில்லை. கொஞ்சம் தள்ளியே குந்தி உட்கார்ந்தார்.

“எனக்கு உன்ன மனசிலாச்சு மக்களே. இப்போதைக்கு அது போரும்.”

தம்பி வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வந்து பெட்டி வண்டியின் மறுபக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

என் முறைக்காகக் காத்திருந்த நான், “அப்பா, பதினேழுக்கு ஒண்ணும் எழுதலியே?” என்று கேட்டேன். அப்பா என் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். கூட்டத்தின் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு முறை உரக்கக் கேட்டேன்.