வழியனுப்ப வந்தவள்

பேய் என்றாலே ராத்திரி, நாய் ஊளை, அணைந்துபோன விளக்கு என்றுதான் நினைப்பீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மொம்பாசாவில், நிழல்கூடக் காலடியில் சுருண்டுவிடுகிற மத்தியான வெயிலில். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கூட்டிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

என் பெயர் கெருபோ. கிசி மலைப்பக்கம் எங்கள் ஊர். என் கணவன் மோகயாவுக்கு வளைகுடாவில் காவலாளி வேலை கிடைத்திருந்தது. இரண்டு வருட ஒப்பந்தம், அடுத்த வாரம் விமானம். அப்படிப் போனவர்களில் சிலர் சவப்பெட்டியில் திரும்பி வந்தது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவன் முழுசாகத் திரும்பி வர வேண்டும். எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை. அவனோ சிரிப்பான்.

"கடலையே பாக்காதவன் கடல் தாண்டிப் போறதாவது! வா, மொதல்ல ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்."

அப்படித்தான் எங்கள் நாட்டுக் கடற்கரை ஊரான மொம்பாசாவுக்குப் போனோம். மூன்றே நாள் பயணம்.

பழைய நகரத்துச் சந்து ஒன்றில் மாடி அறை எடுத்திருந்தோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சுஹூரா அத்தை வாசலில் நிற்பார் என்று போனில் சொல்லியிருந்தார்கள். யாரும் இல்லை. செதுக்கு வேலை செய்த கனமான கதவு ஒரு சாண் திறந்திருந்தது. எங்கள் நாட்டில் யார் வீடானாலும் வெளியே நின்று 'ஹோடி' என்று குரல் கொடுப்போம். உள்ளிருந்து 'கரிபு' என்று வரவேற்பு வந்த பிறகுதான் காலை எடுத்து வைப்போம்.

"ஹோடி!" என்றான் மோகயா.

மாடியிலிருந்து பதில் வந்தது. வயதான பெண்குரல். பஞ்சு போல மெல்லிய குரல்.

"கரிபு... கரிபு..."

ஏறிப் போனோம். அறையில் ஒரு தட்டு. தட்டில் இரண்டு சின்னக் கிண்ணங்களில் கடுங்காப்பி. ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அல்வா. கொடுத்த ஆளைத்தான் காணோம்.

"பாத்தியா மரியாதையை? உங்கம்மா எனக்கு ஒரு நாளாவது இப்படிச் சூடா குடுத்திருக்காங்களா?"

"சூடா குடுத்தா நீ அங்கேயே தங்கிடுவ. அதான் ஆற வச்சுக் குடுக்கறாங்க."

கிண்ணம் காலியாகும்போது படியில் தடதடவென்று சத்தம். கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும். கையில் பெரிய சாவி.

"நான்தான் சுஹூரா. நீங்க எப்படி உள்ள வந்தீங்க? காலைல நானே பூட்டிட்டுப் போனேனே!"

"கதவு தெறந்துதான் இருந்துச்சு, அத்தை. நீங்கதானே உள்ள வரச் சொன்னீங்க?" என்றேன்.

அவள் காலிக் கிண்ணங்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குடிச்சிட்டீங்களா? சரி... பரவாயில்ல. ஒன்னும் ஆகாது. கிளம்புற அன்னிக்கு நானே வந்து வழியனுப்பறேன். நான் வராம படி எறங்காதீங்க, மகளே."

பக்கத்து வீட்டுக் கிழவி யாரோ உபசாரம் செய்துவிட்டுப் போயிருப்பாள் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

மறுநாள் அங்கிருந்த பழைய கோட்டையைப் பார்த்தோம். இளநீர் குடித்தோம். கடலுக்குள் முழங்கால் ஆழத்தில் நின்று மோகயா ஒரு வாய்த் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினான். "யாருடி இவ்ளோ உப்பைக் கொட்டினது!" என்று கத்தினான். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் நான் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

மத்தியானம் அறைக்கு வந்து படுத்தோம். மின்சாரம் போயிருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. என் கழுத்தெல்லாம் வியர்வை. ஓலை விசிறி ஆடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

ஸ்ஸ்... ஸ்ஸ்... ஸ்ஸ்...

கண்ணைத் திறந்தேன். மோகயா நல்ல தூக்கத்தில் இருந்தான். அவன் சட்டைக் கழுத்துப் பட்டை எழுந்து எழுந்து படிந்தது. காற்று அவன்மேல் மட்டும் வீசியது. ஜன்னல் திரைச்சீலை அசையவில்லை. என் தலைமுடி ஒன்றுகூட அசையவில்லை.

அவன் தோளைத் தொட்டேன். சத்தம் நின்றது. கண் விழித்தவனிடம் பார்த்ததைச் சொன்னேன்.

"கனவு கண்டிருப்ப" என்று புரண்டு படுத்தான்.

மூன்றாம் நாள் மூன்று மணிக்கு ரயில். ஒன்றரைக்கே பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியின் மேலே வந்து நின்றோம். கீழே வாசல் ஓரம் கறுப்பு அங்கி. வெயிலுக்காக முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தாள்.

"பாரு, சொன்ன மாதிரியே சுஹூரா அத்தை வந்துட்டாங்க" என்றான் மோகயா.

படி இறங்கினோம். எங்களை முன்னால் விட்டு அவள் பின்னால் நடந்தாள்.

சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. வந்த அன்று படபடவென்று பேசிய சுஹூரா அத்தை இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் பின்னால் செருப்புச் சத்தம் மட்டும்.

சரக்... சரக்...

சுவர் நிழலில் பூனைகள் தூங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் கடந்தபோது ஒன்றும் அசையவில்லை. கடந்த பிறகு... ஒவ்வொன்றாக எழுந்து ஓடின.

சந்து முனையில் காப்பி விற்கிற கிழவர் இருந்தார். வாயில் ஒரு பல்கூட இல்லை. எண்பதைத் தாண்டியவர். எங்களுக்குப் பின்னால் பார்த்துச் சட்டென்று எழுந்தார். தலையைக் குனிந்தார்.

"ஷிகமூ" என்றார்.

சின்னவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. ஐம்பது வயதுக்காரிக்கு இந்தக் கிழவர் எதற்கு அதைச் சொல்ல வேண்டும்?

திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆட்டோ வந்தது. பையைப் போட்டு ஏறினோம். விருந்தாளியைக் கொஞ்ச தூரம் கூட நடந்து வழியனுப்புவது எங்கள் நாட்டு முறை. "போதும், திரும்புங்க" என்று விருந்தாளிதான் சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை வீட்டுக்காரர் நடந்துகொண்டே இருப்பார். ரயில் அவசரத்தில் மோகயா அதைச் சொல்லவில்லை. தலையை வெளியே நீட்டிக் கையை ஆட்டினான்.

"வர்றதுன்னா வளைகுடா வரைக்கும் வந்துடுங்க, அத்தை!"

ஆட்டோ கிளம்பியது. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான்.

"ரெண்டு பேர்தானே?"

"ஆமா."

"அப்ப எதுக்கு நடுவுல எடம் விட்டு உக்காந்திருக்கீங்க?"

குனிந்து பார்த்தேன். மோகயா ஒரு ஓரத்தில். நான் ஒரு ஓரத்தில். அப்படி உட்கார்ந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது.

ரயில் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. சுஹூரா அத்தை.

"சொல்லாம கொள்ளாம போயிட்டீங்களே! ரெண்டு மணிக்கு வந்து பாக்கறேன், அறை காலி."

"நீங்கதானே... சந்து முனை வரைக்கும் கூட வந்தீங்க?"

அவள் குரல் சட்டென்று இறங்கியது.

"திரும்பச் சொன்னீங்களா?"

"இல்ல அத்தை... வளைகுடா வரைக்கும் வாங்கன்னு விளையாட்டாக் கூப்பிட்டுட்டோம்."

"அவங்க அந்த வீட்டுப் பெரியம்மா. எங்க பாட்டி பொறக்கறதுக்கு முன்னாடி செத்தவங்க. விருந்தாளின்னா உயிரு. தெரு முனைல நிறுத்தி, திரும்பச் சொன்னா திரும்பிடுவாங்க. அதைச் சொல்ல வைக்கத்தான் நான் எப்பவும் கூட வருவேன். இப்பவாவது சொல்லணும். வாங்கன்னு கூப்பிட்டது யாரு, நீயா அவனா?"

"அவன்."

"அப்ப அவன்தான் சொல்லணும்."

நான் கெஞ்சினேன். கையைப் பிடித்து அழுதேன். மோகயா சுற்றிலும் பார்த்தான். எதிர் இருக்கைக் குடும்பம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"காலி எடத்தைப் பாத்துப் பேசச் சொல்றியா? லூசுன்னு நெனைப்பாங்கடி."

அவன் சொல்லவில்லை. அடுத்த வாரம் விமானம் ஏறினான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கூப்பிட்டான். குரல் தேய்ந்திருந்தது.

"சொல்லிட்டேன், கெருபோ."

"என்ன சொன்ன?"

"போதும், திரும்புங்கன்னு."

"அப்புறம்?"



"'எப்படிப்பா போவேன்? எனக்கு இங்கிருந்து வழி தெரியாதே'ன்னு அழறாங்க."

இணைப்பு அறுந்தது.

மூன்றாம் நாள் அவனுடைய அறைத்தோழன் பராசா கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானம் மோகயா தொழிலாளர் முகாமை விட்டு நடந்து போயிருக்கிறான். திரும்பவில்லை.

"வாசல் காவலாளி நேபாளத்துக்காரன், அக்கா. அவனுக்கு மோகயா விஷயம் எதுவும் தெரியாது. மோகயா கூட ஒரு கெழவி போனாங்கன்னு சொல்றான். இங்க பொம்பளைங்களை உள்ளேயே விட மாட்டாங்க. யாரு இதுன்னு கேட்டிருக்கான். 'எங்க ஊர் அத்தை. கொஞ்ச தூரம் கொண்டு விட்டுட்டு வரேன்'னு மோகயா சொன்னானாம்."

"எந்தப் பக்கம் போனாங்க?"

"ரோடு கடல்லதான் முடியுது, அக்கா."

எட்டு மாதம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை.

இப்போது வழியனுப்பப் போயிருப்பவன் அவன். விருந்தாளி அந்தக் கிழவி. போதும், திரும்பு என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

அவள் இன்னும் சொல்லவில்லை...