லாயத்துக் கதவு

இரவுக் காவல்காரனின் தூக்கம் பகலில்தான் வரும். அவனை எழுப்புகிறவர்களும் பகலில்தான் வருவார்கள். நைட் டியூட்டி பார்க்கும் தோழர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய பங்களாவுக்கு நான் காவல். பின்வளவில் அந்தக் காலத்துக் குதிரை லாயத்தைத் தடுத்துக் கட்டிய வரிசை அறைகளில் ஒன்று அப்போது என் வீடு. இதே பங்களாவுக்குக் காவல் இருந்த தாத்தா குடியிருந்த அறை. நான் பிறந்ததும் அங்கேதான்.

கொடியில் கிடந்த உடுப்பு

ஞாயிறுகளில் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாய் ஒரு கூட்டம் பழைய கட்டடம் பார்க்க வரும். அழைத்து வரும் பெண் தூணுக்கும் ஓட்டுக்கும் வயது சொல்லுவார். ஒரு நாள் என் கதவைத் தட்டினார். நான் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தேன். என்றாலும், இடத்தைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று சேர்ட்டை மாட்டி, தலையும் வாரிக்கொண்டு ஓடினேன். லாயத்தின் கதை முழுவதும் நாக்கு நுனியில் நின்றது.

"அண்ணா, கொடியில கிடக்கிற உடுப்பைக் கொஞ்சம் எடுக்கிறீங்களா? ஃபோட்டோவுல விழுது."

பாதுகாப்பு

பங்களாவை ஹோட்டலாக்க ஒருவர் வாங்கினார். அவருடைய கட்டடக்கலைஞர் என் வீட்டுக் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார். லாயத்தின் அசல் கதவாம், முன்மண்டபச் சுவரில் மாட்ட வேண்டுமாம். பதிலுக்கு எங்கள் வாசலுக்கு ஒரு தகரம் தருவார்களாம். என் மனைவி விடவில்லை: "இவரு ராவுல வேலைக்குப் போயிருவாரு. கதவில்லாம நான் எப்படிங்க தனியாப் படுக்கிறது?"

கட்டடக்கலைஞர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"அக்கா, இது பெறுமதியான கதவு. இங்க இருந்தா களவு போயிரும்."

கார் நிறுத்துமிடம்

தகரம் துருப்பிடிக்கும் முன்பே வரிசை முழுவதையும் இடிக்கப்போவதாகச் சொன்னார்கள். விருந்தாளிகளின் கார்களுக்கு இடம் வேண்டும். ஹோட்டல் முகாமையாளர் யாழ்ப்பாணத்துப் பொடியன், மரியாதை தெரிந்தவன். கதவைச் சுவரில் மாட்டி விளக்கும் போட்டிருக்கிறீர்களே, அந்தக் கதவு நின்ற சுவரும் அதே வயதுதானே தம்பி என்று கேட்டேன்.

"பழசு வேற, பாரம்பரியம் வேற அண்ணை."

தலைப்பாகை

இப்போது வத்தளையில் ஒரு வாடகை அறை. நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வருகிறேன். வந்ததும் வெள்ளைக் கோட்டு, சிவப்புத் தலைப்பாகை. பழைய காலத்துக் காவல்காரன் மாதிரி இருக்க வேண்டுமாம். தாத்தா சாரமும் பனியனும்தான் போட்டிருந்தார். திறப்பு விழா மாலையில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு அம்மா, என்னை அந்தக் கதவின் முன் நிறுத்திப் படம் எடுத்தார். பிறகு, நான் வேஷம் போட்ட ஆளா, உண்மையிலேயே இந்த இடத்து ஆளா என்று முகாமையாளரிடம் கேட்டார்.

"ஓம் அன்ரி, மூண்டு தலைமுறையா இங்கதான் இருக்கினம்."

எது போனாலும் அந்தக் கதவு மட்டும் களவு போகவில்லை, விடிய விடிய நான்தானே அதற்குக் காவல்.