தண்ணீர் ஊற்றிய சாராய கிளாஸ்

1985 மே மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, பதினோரு மாதமாகக் குடிக்காத சவரிமுத்து எனக்குச் செய்தியாகக் கிடைத்தார். உத்தமபாளையத்தில் நான் பகுதிநேர நிருபர். இந்த வேலையில் சீரழிந்தவர்களுக்குத் தெரியும், மதுரை ஆபீசுக்கு நல்ல செய்தி மட்டும் போதாது, படமும் வேண்டும்.

சவரிமுத்துவுக்கு ராயப்பன்பட்டியில் திராட்சைத் தோட்டம். பிரிந்துபோன மனைவி செல்வமேரி, இனி குடிப்பதில்லை என்ற வாக்கை நம்பித்தான் பிள்ளைகளோடு திரும்பியிருந்தார்.

போஸ்

சும்மா நிற்க வைத்தால் ரேஷன் கார்டு படம் மாதிரி இருக்கும் என்றார் கூட வந்த போட்டோகிராபர். யோசனை என்னுடையது. சாராயக் கடையிலிருந்து கிளாஸ் ஒன்றை இரவல் வாங்கி, பச்சைத் தண்ணீர் ஊற்றி, அதை அவர் வெறுத்து ஒதுக்குவதுபோல எடுப்பது.

கிளாஸ் கைக்கு வந்ததும் சவரிமுத்து விரலை உள்ளே விட்டு ஒரு சொட்டைத் தரையில் சுண்டினார். சாராயம் குடிக்குமுன் எல்லாரும் செய்வதுதான். தண்ணீர் என்று அவருக்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்காமல், "வெரசா எடுங்க சார், வாயி ஊறுது" என்றார்.

மூன்றாம் பக்கம்

'குடியை வென்ற விவசாயி' மறுநாள் பேப்பரில் வந்தார். படம் எடுத்த அன்று சாயங்காலமே சாராயக் கடைக்கும் போயிருந்தார். செல்வமேரி பெட்டியும் பிள்ளைகளுமாக பஸ்சுக்கு நின்றார்.

என்னைப் பார்த்ததும், "ஏண்ணே, பதினோரு மாசமா அந்தக் கிளாசக் கண்ணுல காட்டாம வச்சிருந்தேன். நீக கொண்டாந்து கையிலயே குடுத்துட்டீகளே!" என்றார்.

டாக்டர்

சவரிமுத்துவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் ஓடினேன். பல வருடம் குடித்தவர் மூளையில் நரம்பணுக்களின் இணைப்பே மாறியிருக்குமாம். குடியை நிறுத்தினாலும் அந்தப் பதிவு லேசில் அழியாது. பழைய கிளாஸ், பழைய வாடை, ஏதாவது ஒன்று போதும், டோபமைன் என்ற ரசாயனம் சுரந்து ஆளைக் கடைக்குத் தள்ளும்.

"வெறும் தண்ணிதானே டாக்டர்?" என்றேன்.

"உங்களுக்குத்தாய்யா தண்ணி. அவரு மூளை அப்பவே கடைக்குக் கிளம்பிருச்சு."

நிபந்தனை

செல்வமேரியின் அம்மா வீட்டுக்குப் போய், டாக்டர் சொன்னதை ஒப்பித்து, தப்பு என்னுடையது என்றேன். செல்வமேரி சொன்னார்: "மூளை செஞ்சுச்சோ நீக செஞ்சீகளோ, இன்னொருக்க அவருகூட இருந்து பாக்குறேன். ஆனா எங்க வீட்டுப் பக்கம் நீக வரக்கூடாது."

மறுபடி குடியை நிறுத்திய சவரிமுத்து, 1987 ஜூனில் குடிக்காமல் இரண்டு வருடத்தை முடித்தார். நான் செய்தி அனுப்பவில்லை.