சுவரில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்

பேய், காத்து, கருப்பு என்று பேசுகிறவனை நான் என் சாரத்தில் ஏறவிட்டதே கிடையாது. பயந்தவன் கை நடுங்கும், கை நடுங்கினால் பூச்சு கோணும், ஆவி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சாவு விழுந்த வீட்டில் மறுவாரமே வெள்ளையடித்திருக்கிறேன், தூக்கு மாட்டிக்கொண்ட உத்தரத்துக்கு எண்ணெய் தடவியிருக்கிறேன், மத்தியானம் அதே அறையில் துண்டை விரித்துத் தூங்கியும் இருக்கிறேன். அதனால் இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு, கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என்னோடு நின்று பார்த்தவன் டில்லி, முப்பது வருஷம் என்னிடம் கொத்து வேலை செய்தவன், புளியந்தோப்பில் உயிரோடுதான் இருக்கிறான்.

முதலில் நான் யார் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். மூன்றாம் வகுப்போடு சரி. சுண்ணாம்பு வாளி தூக்க வந்தவன், இன்று மாத்தூரில் மூன்று மாடி கட்டி வாசல் கல்லில் என் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறேன். ராயபுரம் பக்கம் நூறு வருஷத்துப் பழைய வீட்டில் பூசணம் ஏறினால், படித்த இன்ஜினியர் வந்து கையைப் பிசைந்துவிட்டுப் போன பிறகு என்னைத்தான் கூப்பிடுவார்கள். இன்ஜினியர்கள் செய்கிற தப்பு ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும், இரண்டடி கனம், தரையிலிருந்து ஏறுகிற ஓதத்தை வாங்கி அதுவே வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்டைப் பூசி, தண்ணீர் புகாத பெயிண்டையும் அடித்தால், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு கறுப்பு கறுப்பாகப் பூசணம் பூக்கும். ஆசிட் ஊற்றித் தேய்த்தாலும் பத்து நாளில் திரும்ப வரும். சிமென்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த சுண்ணாம்பைப் பூசி, அடைத்துக் கிடக்கிற வெண்டிலேட்டர்களைத் திறந்துவிட்டால் முடிந்தது. எனக்கு இது கைவர நாற்பது வருஷம் ஆயிற்று. ஒழிக்கத் தெரிந்தவனுக்கு வளர்க்கவும் தெரியும், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கல்மண்டபம் பக்கத்தில் ஒரு பெரிய வீடு. பர்மா தேக்கு உத்தரம், செங்கல் அடுக்கின மெட்ராஸ் ஒட்டுக் கூரை, தரையெல்லாம் வழவழப்பு. ஓனர் தென்பக்கம் குடிபோய்விட்டவர், அந்த வீட்டைப் பழைய அழகு குறையாமல் புதுப்பித்துப் பெரிய இடத்து ஆட்களுக்கு விட வேண்டும் என்பது அவர் ஆசை. மாடியில் இருந்தவர்கள் சொன்னபடி காலி பண்ண ஒத்துக்கொண்டார்கள். கீழே ஓர் அறையில் மட்டும் கன்னியம்மா என்று ஒரு கிழவி. காசிமேட்டில் மீன் விற்றவள், புருஷன் கடலில் போனவன் திரும்பவில்லை, பிள்ளை குட்டி இல்லை, அந்த அறையில் நாற்பது வருஷமாக இருக்கிறாள். கோர்ட்டுக்குப் போனால் அவள் ஆயுசைவிடக் கேஸ் ஆயுசு நீளம். ஆள் மேல் கை வைக்காமல் காலி பண்ண வழி உண்டா என்று ஓனர் என்னைக் கேட்டார். வழி சொன்னது நான்தான், அதை மறைக்க மாட்டேன். "ஒரு மழக்காலம் குடுங்க சார், அதுவே தானா எறங்கிப் பூடும்" என்றேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுவரில் லேசாகப் பூசணம் கட்டுகிறது, தனக்கு இழுப்பு வருகிறது, சரிபண்ணித் தரவேண்டும் என்று ஓனரை வருஷக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தவளே கன்னியம்மாதான். நான் கரண்டியோடு போய் நின்றதும் கும்பிட்டாள். தரையிலிருந்து நாலடி உயரத்துக்குப் பழைய சுண்ணாம்பின் மேலேயே சிமென்ட் பூசினேன். அதற்கு மணல், கடற்கரையிலிருந்து அள்ளிவந்தது. கடல் மணலில் உப்பு இருக்கும், உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்து இழுக்கும், கார்த்திகை பிறந்தால் அந்தப் பூச்சு வண்டிமாடு மாதிரி வேர்க்கும். மேலே இருந்த இரண்டு வெண்டிலேட்டரையும் செங்கல் வைத்து அடைத்து, அங்கே மட்டும் ஆற்றுமணலில் கெட்டிக் கலவை போட்டேன்.

அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா மேஸ்திரி, பொந்த அட்ச்சுட்ட? காத்து எந்தாண்ட வரும்?"

"அது வழியாத்தான்க்கா சாரல் எறங்கி பூசணம் கட்டுது. ஒரு மழ தாண்டட்டும், அப்பால பாரு."

"நீ சொன்னா சரி நைனா. கைத்தொழில் தெரிஞ்சவன்" என்று சொல்லிவிட்டு, வேலை நடந்த நாலு நாளும் வறுத்த நெத்திலி கொண்டுவந்து வைத்தாள். நானும் தின்றேன், நன்றாகவே இருந்தது. டில்லி தொடவில்லை. ஏன்டா என்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான்.

ஐப்பசியிலேயே சுவர் கறுத்துவிட்டது. முதலில் மூலையில் மிளகு தூவின மாதிரி, பிறகு வெண்டிலேட்டர் வரைக்கும் பாய் விரித்த மாதிரி. கன்னியம்மா தினமும் துணியில் சோடா உப்பு தொட்டுத் துடைப்பாளாம், மறுநாள் திரும்ப வந்துவிடுமாம். பழைய வண்ணாரப்பேட்டையில் நான் வேலை செய்கிற இடத்தைத் தேடிக்கொண்டு ஒரு நாள் வந்தாள், நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள், நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம். ஈரக்காற்று உள்ளே வரக்கூடாது, ஜன்னலைச் சாத்தியே வை என்று சொல்லி அனுப்பினேன். வேறு இடம் பார்த்துக்கொண்டு போவதுதானே என்றும் நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

"கன்னியம்மாவ பூசணம் துன்னாத்தான் உண்டு" என்று சிரித்தாள். "அந்த ஓனரு துன்ன முடியாது."

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலையில், இன்னும் காலி பண்ணாமலிருந்த மாடிக்காரர்கள் கதவை உடைத்துத் திறந்தார்கள். கதவும் ஜன்னலும் ஈரத்தில் உப்பி இறுகிப்போயிருந்தன, பழைய தேக்கு அப்படித்தான். நான் போய்ப் பார்த்தேன். வெண்டிலேட்டருக்குக் கீழே முக்காலி கவிழ்ந்து கிடந்தது. மீன் வெட்டுகிற கத்தியால் என் பூச்சைக் குத்தியிருக்கிறாள், கத்தி முனை உடைந்திருந்தது, பள்ளம் கட்டைவிரல் நுழைகிற ஆழம்தான், மறுபக்கம் வரைக்கும் போகவில்லை. என் கலவை அப்படி. அவள் உதட்டைச் சுற்றிச் சிமென்ட் தூள் ஒட்டியிருந்தது. அந்தப் பள்ளத்தில் வாயை வைத்துப் பார்த்திருக்கிறாள் என்று டில்லி சொன்னான். தூள் கீழே கொட்டும்போது பட்டிருக்கும் என்று நான் சொன்னேன். இழுப்புக்காரி, எழுபது தாண்டியவள், மழை அதிகம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை.

தை பிறந்ததும் வேலையை எடுத்தேன். நான் பூசின சிமென்டை நானே கொத்தினேன், செங்கல் இடுக்கில் இருந்த உப்பை பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒரு மாதம் காயவிட்டு, அதன் பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று கை சுண்ணாம்பு. அந்த மாதிரிப் பூச்சு இன்றைக்குச் சென்னையில் போடுகிறவன் கிடையாது, கையை வைத்தால் கண்ணாடி. வெண்டிலேட்டர் இரண்டையும் கடைசியில் திறந்துகொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன்.

சுவர் காய்ந்ததா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கட்டியிருந்தால் சுவரில் இன்னும் ஓதம் இருக்கிறது. வெளிப்பக்கம் கட்டியிருந்தால் அறைக்காற்றில் ஈரம். இரண்டும் இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிடலாம். ஓனர் இரண்டு நாள் கழித்து ஆட்களோடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார், அதனால் தாளை ஒட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் நானும் டில்லியும் உள்ளே போனது பகல் பன்னிரண்டு மணி, சித்திரை வெயில், கடல்காற்று இன்னும் இறங்கவில்லை, தெருவில் ஓர் இலை அசையவில்லை. அறையில் ஃபேன் கிடையாது, ஜன்னல் சாத்தியிருந்தது. தாளின் நாலு மூலையும் காய்ந்துதான் இருந்தது. நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. சரி, அங்கே கொஞ்சம் ஈரம் நிற்கிறது என்று கிட்டே போனேன். தாள் மெதுவாக உப்பியது. ஆவி பெரிதாகப் பரவியது. கொஞ்சம் நின்றது. பிறகு சுவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போனது, ஆவி சின்னதாகச் சுருங்கியது. திரும்ப உப்பியது.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். பூச்சுக்குப் பின்னால் பொந்து விட்டுவிட்டேனோ என்று சுற்றிலும் கரண்டிக் காம்பால் தட்டினேன், எங்கும் கெட்டிச் சத்தம்தான், காற்று வர வழியே இல்லை. தாள் உள்ளே இழுக்கும்போதெல்லாம் சன்னமாக ஒரு விசில் கேட்டது. பழைய வண்ணாரப்பேட்டையில் கேட்ட அதே விசில்.

"யக்கா மாரியே கீது மேஸ்திரி" என்றான் டில்லி. சத்தமே போடாமல் சொன்னான்.

இவன் வெளியே போய்ச் சொன்னால் நாளைக்கு ஒருத்தன் என்னிடம் வேலைக்கு வரமாட்டான், ஓனர் காதுக்குப் போனால் அந்த வீடும் என் பெயரும் சேர்ந்து நாறும். எனக்கு அதுதான் தோன்றியது. இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் தாளின் மேல் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அது உள்ளே இழுக்கிற வரைக்கும் காத்திருந்து, இழுத்ததும் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"கைய எடு மேஸ்திரி. மூச்சு வாங்கினு கீது."

"சொவருக்கு இன்னாடா மூச்சு? போய் வாளியக் கழுவு."

அவன் போய்விட்டான். நான் உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். தாள் என் கையை ஒருதரம் வெளியே தள்ளப் பார்த்தது, ஒரே ஒருதரம், குழந்தை கன்னத்தை உப்பினால் எவ்வளவு பலமோ அவ்வளவுதான். அதற்குப் பிறகு தள்ளவில்லை. டில்லி வாளியைக் கழுவித் திரும்பி வரும் வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது தாள் சுவரோடு அப்பிப்போயிருந்தது, அசைவில்லை. நகத்தால் நெம்பினேன், கத்தியால் சுரண்டினேன், பிரியவில்லை. அதன் மேலேயே இரண்டு கை சுண்ணாம்பு இழுத்துவிட்டேன். பிளாஸ்டிக்கின் மேல் சுண்ணாம்பு நிற்காது என்று வாளி தூக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். அங்கே நின்றது, இன்றுவரை ஒரு பொருக்கு உதிரவில்லை. சாயங்காலம் வெண்டிலேட்டரைத் திறந்தேன், மறுநாள் ஓனர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். டில்லி அதோடு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

மூன்று மழைக்காலம் போய்விட்டது. அந்தச் சுவரில் ஒரு புள்ளி பூசணம் கிடையாது, வேறு வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள், நானே காட்டியிருக்கிறேன். இப்போது அங்கே குடியிருக்கிற பெண், புதிதாகக் கல்யாணம் ஆனவள், போன மாதம் என்னைப் பார்த்து, "நல்லா காத்து வாங்குற சொவரா கட்டிக் குட்த்துகீறீங்க மேஸ்திரி, ஊதுவத்தி கொளுத்துனா பொகையெல்லாம் அதுக்குள்ள போயிடுது" என்று பெருமையாகச் சொன்னாள். நம்பாமல் போய் நின்றேன். ஃபேனை நிறுத்தச் சொல்லி ஒரு பீடியைப் பற்றவைத்தேன். புகை மேலே ஏறவில்லை, வெண்டிலேட்டர் பக்கமும் போகவில்லை, நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் நான் கை வைத்து அழுத்தின இடத்தில் நுழைந்தது. வெளியே ஓடிப்போய்ச் சுவரின் மறுபக்கம் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. உள்ளே வந்து பீடி முழுவதும் எரிந்து தீரும் வரைக்கும் நின்றேன். இழுத்துக்கொண்டேதான் இருந்தது. ஒருதரம்கூட வெளியே விடவில்லை.