வலது காதில் இருந்தவள்

தண்ணீர் மோட்டார் செய்யும் அந்தப் பட்டறையில் அவளை எல்லோரும் காதம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வேலை இதுதான்: பூட்டி முடித்த மோட்டாரை மேசைமேல் ஓடவிடுவார்கள். அவள் நீளமான திருப்புளியின் முனையை அதன் முதுகில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவாள். எண்ணி ஐந்து மூச்சு. "போகலாம்" என்றால் மோட்டார் பெட்டிக்குள் போகும். தலையை ஆட்டினால் பிரித்துப் பார்ப்பார்கள். சோதனைக்கென்று முதலாளி ஒரு கருவி வாங்கி வைத்திருந்தார். அது சொன்னதைக் காதம்மா மறுத்தால் அவர் கருவியைத்தான் சந்தேகப்படுவார்.

அந்தத் தொழிலுக்கு ஒரே சட்டம். சத்தம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. பேரிங்கோ, விசிறியோ, முடுக்காமல் விட்ட ஒரு நட்டோ, யாராவது ஒருவர் உள்ளே இருந்தே தீரவேண்டும். பதினோரு வருடமாக இதை நம்பிப் பிழைத்தவள், தன் காதை மட்டும் சந்தேகிப்பாளா என்ன?

ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே மூச்சு நின்றுபோன பெண் குழந்தையைப் பெற்று, உடம்பிலிருந்த ரத்தத்தில் பாதியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தவள், பன்னிரண்டாம் நாள் வேலைக்குப் போய் நின்றாள். "இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாமே" என்று கேட்டவர்களிடம், "வீட்ல உக்காந்து சுவத்தைப் பாக்கச் சொல்றீங்களா?" என்றாள். அழவில்லை. குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எவ்வளவு தைரியசாலி என்று பட்டறையே மெச்சியது. பட்டறைக்கு என்ன தெரியும், கல்லுக்கும் தைரியத்துக்கும் அங்கே வித்தியாசம் பார்ப்பார் இல்லை.

வேலைக்குத் திரும்பிய மூன்றாவது மாதத்தில் ஒரு மதியம், சாப்பாட்டு மணி அடித்து எல்லா மோட்டார்களும் ஓய்ந்த நேரத்தில், அது வந்தது.

வலது காதுக்குள் உஸ்... உஸ்... உஸ்... என்று, ஈரத்துணியை யாரோ தண்ணீரில் விடாமல் அலசுவது போல. அவள் மேசையைப் பார்த்தாள். எதுவும் ஓடவில்லை. மெயின் சுவிட்ச் வரை நடந்து போய்ப் பார்த்தாள், அணைத்துத்தான் இருந்தது. மின்விசிறிகூட நின்றிருந்தது. அத்தனை பெரிய கூடத்தில் அவளும் அந்தச் சத்தமும்தான். பிறகு அவளுக்குப் பிடிபட்டது. ஸ்கேன் அறையில் டாக்டர் வயிற்றின் மேல் கருவியை அழுத்தி, குழந்தையின் துடிப்பைக் கேட்கவிட்டாரே, அதே சத்தம். ஒருதரம் கேட்ட பேரிங்கையே ஆயுளுக்கும் மறக்காத காது, இதையா மறக்கும்? உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். பயம் இல்லை, சந்தோஷம்.

அன்றிலிருந்து அது அவளை விட்டுப் போகவில்லை. படுத்தால் அடங்கியது, நடந்தால் விழித்துக்கொண்டது. வீடு நான்காவது மாடியில். காதம்மா லிஃப்டில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் கண் இருட்டும், மூச்சு இரைக்கும், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்பாள். உள்ளே குழந்தை ஓடும். ஒருநாள் கடிகாரத்தை வைத்து எண்ணினாள். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது. ஸ்கேன் அறையில் டாக்டர் சொன்ன அதே கணக்கு. "ஓடுடி செல்லம், ஓடு" என்று சிரித்தாள். மூன்றாம் மாடிக்காரி கதவைத் திறந்தாள். சுண்ணாம்பாய் வெளுத்த ஒருத்தி சுவரைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு, சத்தமில்லாமல் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

ஒருமுறை கழுத்தைச் சொறிந்தபோது, காதுக்குக் கீழே விரல் அழுந்தியதும் சத்தம் சட்டென்று நின்றது. அவள் அலறியடித்து விரலை எடுத்தாள். உஸ்... உஸ்... திரும்பி வந்தது. அதன் பிறகு கழுத்தில் துணி பட விடமாட்டாள். வலப்பக்கம் சாய்ந்து படுப்பதையும் விட்டாள்.

பஸ் ஓட்டும் அவள் கணவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவள் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸைச் சுரண்டிச் சுரண்டித் தின்பதையும், நகங்கள் குழிவிழுந்து போனதையும் பார்த்தான். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

கடைசியில் மோட்டார்கள்தான் காட்டிக்கொடுத்தன. ஒரே நாளில் அறுபதில் முப்பத்தொன்றைத் தள்ளிவிட்டாள். பிரித்துப் பார்த்தால் ஒன்றிலும் கோளாறு இல்லை. தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட சூப்பர்வைசர், பட்டறையில் அவருக்குப் பெயரே கண்ணாடி, மேசைக்கு வந்தார்.

"எல்லாம் நல்ல பேரிங்தான் காதம்மா. உனக்கு என்னதான் கேக்குது?"

"உள்ள ஆள் இருக்கு சார்."

கண்ணாடி அவள் முகத்தையே பார்த்தார். பிறகு திருப்புளியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "டாக்டர்கிட்ட காட்டிட்டு வா. அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஆறரை. டாக்டரம்மா அவள் காதுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். "இப்போ?"

"நின்னுடுச்சு. கையை எடுங்க. எடுங்கம்மா!"

"பயப்படாதீங்க. அது உங்க ரத்தம் ஓடுற சத்தம். இரும்புச்சத்து சுத்தமா இல்ல, அதனால ரத்தம் தண்ணியா போய், வேகமா ஓடுது. மாத்திரை குடுத்திருந்தாங்களே?"

"வயித்தைப் பிரட்டுச்சு. விட்டுட்டேன்."

"அப்போ இரும்புச்சத்தைக் கை நரம்புல ஏத்திடலாம். ரெண்டு தடவை, ஒரு வாரம் விட்டு. இப்படியே விட்டா இதயம் தாங்காதும்மா."

"ஏத்தினா இந்தச் சத்தம்?"

"கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, ஒரு மாசத்துல நின்னுடும்" என்று நல்ல சேதி சொல்பவர் போலச் சிரித்தார் டாக்டரம்மா.

முதல் தடவை நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்து நர்ஸ் ஊசியைக் குத்தினாள். பழுப்பு நிறத் தண்ணீர் குழாயில் இறங்கியது. "அரிச்சாலோ நெஞ்சை அடைச்சாலோ உடனே சொல்லணும், சரியா?" காதம்மா தலையாட்டினாள். நெஞ்சு அடைத்துக்கொண்டுதான் இருந்தது. அது ஊசியால் அல்ல என்பதால் சொல்லவில்லை. சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்க்கப் பார்க்க, தன் கையாலேயே ஒரு குழந்தையின் வாயைப் பொத்துவது போல இருந்தது. முடிந்தபின் அரைமணி நேரம் உட்காரவைத்து, ஒன்றும் ஆகவில்லை என்று அனுப்பிவைத்தார்கள். காதில் மகள் இருந்தாள்.

ஆறாம் நாள் படியேறும்போது சத்தம் சற்றுத் தள்ளிக் கேட்டது, அடுத்த அறைக்குப் போய்விட்டது போல. கால்களில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. அந்தத் தெம்பை அவள் வெறுத்தாள்.

இரண்டாம் ஊசிக்குப் போகவேண்டிய காலை, கணவன் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். "வரல" என்றாள்.

"ஏம்மா?"

"உள்ள இருக்கா. நம்ம பொண்ணு. இன்னொரு ஊசி போட்டா போயிடுவா."

பைத்தியமா என்று அவன் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "ஸ்கேன் அன்னிக்கு எனக்கு டியூட்டி. அவ சத்தத்தை நான் கேட்டதே இல்ல. எனக்குக் கேக்குமா?"

அவள் முடியை ஒதுக்கினாள். அவன் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, அவள் கழுத்தில், காதுக்குக் கீழே, தன் காதை வைத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டான். வெளியே தெரு, யாரோ வண்டியைக் கிளப்பும் சத்தம், பிறகு அதுவும் போனது. அவன் கை ரோமம் சிலிர்த்து நிற்பதை அவள் பார்த்தாள்.

"கேக்குது" என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "உஸ் உஸ்னு..."

"படியேறினா ஓடுவா. வாங்க, காட்றேன்."

இரண்டு பேருமாக இறங்கிப் போய் ஏறினார்கள். மூன்றாம் மாடியில் அவன் மறுபடி காதை வைத்தான். அது தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு வந்தது, ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு. அதே நொடியில் காதம்மாவின் முழங்கால் மடங்கியது. அவள் அவன் மேலேயே சரிந்தாள். உதட்டில் ரத்தமே இல்லை. மகள் ஓட ஓட மனைவி செத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவள் கண்ணைத் திறக்கும்வரை மடியில் போட்டுக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தான். "அவளை விட்டுட்டேன்" என்றான். "உன்னையும் விடச் சொல்றியா?"

அவள் எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே இறங்க ஆரம்பித்தாள். இரண்டாம் ஊசியும் ஏறியது.

அதற்குப் பின் ஒவ்வொரு நாளும் மகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனாள். அடுத்த அறை, வாசல், தெருமுனை. காதம்மாவின் கன்னத்தில் நிறம் ஏறியது. கண்ணாடி திருப்புளியைத் திருப்பிக் கொடுத்தார். நல்லா ஆயிட்டே, நல்லா ஆயிட்டே என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

நான்காவது வாரம் ஒரு காலை விழித்தபோது ஒன்றும் இல்லை. எழுந்து அறைக்குள் நடந்து பார்த்தாள். பிறகு அசையாமல் நின்று, பதினோரு வருடத்து அனுபவம் அத்தனையையும் திரட்டிக் கேட்டாள். குழாய் சொட்டியது. கணவன் மூச்சு விட்டான். வலது காதுக்குள் யாரும் இல்லை. பட்டறைக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கு வரல சார். லீவு வேணும்."

"மறுபடி உடம்பு சரியில்லையா?" என்றார் கண்ணாடி.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. வீட்ல ஒரு சாவு."

"அடடா. யாரும்மா?"

"என் பொண்ணு."

மறுமுனையில் மோட்டார்கள் இரைவது மட்டும் கேட்டது. அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து, அந்தச் சின்ன உடம்பைப் பார்த்துவிட்டுப் போனவர்தான் கண்ணாடி. என்ன உளறுகிறாய் என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

"எத்தனை நாள் வேணும்மா?" என்றார்.

அவளால் சொல்ல முடியவில்லை. இத்தனை மாதமாக வராத அழுகை வந்துவிட்டது. கணவன் எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டு, "நான் சொல்றேன் சார்" என்றான். அதற்குமேல் அவனாலும் சொல்ல முடியவில்லை.